நெஞ்சு வலியே இல்லாத கம்பெனி

புதிதாகக் களப்பணிக்கு வந்திருக்கும் தம்பிகளே, தங்கைகளே,

வேலையிலிருந்து விடைபெறும் நாளில் உங்களிடம் கொஞ்சம் பேசச் சொன்னார்கள். ஆட்கள் கூடி நின்று என்னைப் பார்த்தால் எனக்குப் பேச வராது. முன்பின் தெரியாத ஆண்களிடம் போய், “பீடி உண்டுங்களா, குடி உண்டுங்களா” என்று கேட்டே சம்பளம் வாங்கியவள் இப்படிச் சொன்னால் சிரிக்கத்தான் செய்வீர்கள். கையில் கேள்வித்தாள் இருந்தால் எனக்குக் கூச்சம் வராது. கேட்பது காகிதம், நான் அதைத் தூக்கிக்கொண்டு வந்தவள் என்று இருந்துவிடுவேன். அதனால் இதையும் காகிதத்திலேயே சொல்லிவிடுகிறேன்.

ரத்த அழுத்தம் பார்க்கக் கையில் பட்டை கட்டுவது, ரத்தம் எடுப்பது, ஐஸ் பெட்டியில் அடுக்குவது எல்லாம் பயிற்சியில் சொல்லித் தந்திருப்பார்கள். மறந்தாலும் புத்தகத்தில் இருக்கிறது. புத்தகத்தில் இல்லாத ஒன்றைத்தான் எழுதப்போகிறேன். நம் திருப்பூரில் ஒரு பனியன் கம்பெனி, ஒரு மழைக்காலம் முழுக்க, உலகத்திலேயே நெஞ்சு வலி இல்லாத இடமாக இருந்தது. அதைக் கண்டுபிடித்தவர்களில் நானும் ஒருத்தி.

நம் ஆராய்ச்சியின் தலைவரைப் பயிற்சியின்போது திரையில் பார்த்திருப்பீர்கள். பின்னால் நிறையப் புத்தகங்களை வைத்துக்கொண்டு மெதுவாகப் பேசுவாரே, அவரேதான். இப்போது இருதய நோய் விஞ்ஞானி என்கிறார்கள். நான் வேலைக்குச் சேர்ந்தபோது அவரிடம் இருந்தது ஒரு பழைய ஸ்கூட்டரும் பிரிக்காத ஒரு ஈசிஜி பெட்டியும்தான். பெயர் எழுதவில்லை, அவருக்குப் பிடிக்காது. நான் அன்றும் டாக்டர் என்றுதான் கூப்பிட்டேன், இன்றும் அப்படித்தான்.

மடத்துக்குளத்துப் பக்கம் தென்னந்தோப்பு வைத்திருக்கும் வீட்டுப் பிள்ளை. கோயமுத்தூரில் ஒரு ஆஸ்பத்திரியின் அவசரப் பிரிவில் இருந்தார். பனியன் கம்பெனி ஆட்கள், நரைகூடச் சரியாக விழாத வயதில், நெஞ்சைப் பிடித்துக்கொண்டு தாமதமாக வந்து சேர்வதைப் பார்த்துப் பார்த்து, இவர்களுக்கு ஏன் வருகிறது என்று கேட்கக் கிளம்பிவிட்டார். திருப்பூரில் ஒரு பட்டன் கடைக்கு மேலே அறை பிடித்தார். பத்தாவது வரை படித்த என்னைப் போல மூன்று நான்கு பேரை வேலைக்கு வைத்தார்.

ஒருநாள் அவருடைய அப்பா அந்த அறைக்கு வந்தார். மகன் உள்ளே இருக்க, வாசலில் உட்கார்ந்திருந்த என்னிடம்தான் விசாரணை.

“ஏனுங்க, எம்பையனுக்கு வைத்தியம் பாக்கத் தெரியுமுங்களா?”

“நல்லாத் தெரியுமுங்க.”

“அப்புறம் எதுக்குங்க வைத்தியம் பாக்காம கம்பெனி கம்பெனியாப் போயி கேள்வி கேட்டுட்டுத் திரியறான்?”

டாக்டர் உள்ளேயிருந்து, “நோவு ஏன் வருதுன்னு தெரிஞ்சா வராமத் தடுக்கலாமுங்கப்பா” என்றார்.

“எல்லாத்துக்கும் வராமத் தடுத்துப்போட்டீன்னா நீ எதைத் திம்பே?”

டாக்டர் உள்ளே காகிதங்களை அடுக்க ஆரம்பித்தார். எனக்குத் தெரிந்து இன்றும் அடுக்கிக்கொண்டுதான் இருக்கிறார்.

அப்பா சும்மா வரவில்லை. மடத்துக்குளம் பஸ் ஸ்டாண்டுக்கு எதிரே கிளினிக்குக்கு இடம் பிடித்து, போர்டும் எழுதி வைத்துவிட்டு வந்திருந்தார். இன்னொரு பக்கம், சென்னையில் டாக்டருக்குப் பாடம் நடத்திய பேராசிரியர், தன் நிலையத்தில் ஆராய்ச்சியாளர் இடம் ஒன்று காலியாகிறது என்றும், மாநாட்டில் யாரும் சொல்லாத ஒன்றைக் கொண்டுவந்து வைத்தால் அது டாக்டருக்குத்தான் என்றும் சொல்லியிருந்தார். ஆக, கண்டுபிடித்தால் விஞ்ஞானி, இல்லாவிட்டால் கிளினிக். எங்கள் கேள்வித்தாளை நம்பித்தான் அவர் இருந்தார்.

கேள்வி கேட்கக் கம்பெனிக்குள் விடவேண்டுமே. பல இடங்களில் வாட்ச்மேனைத் தாண்ட முடியவில்லை. கடைசியில் வீரபாண்டிப் பக்கம் ஒரு முதலாளி கூப்பிட்டு உட்கார வைத்துக் காப்பி கொடுத்தார்.

“நம்ம ஆளுக நல்லா இருக்கோணுமுங்க. தாராளமா வாங்க. கம்பெனி பேரு மட்டும் எங்கயும் வரப்படாதுங்க.”

மற்ற ஏற்பாடுகளைக் கழுத்தில் டை கட்டிய ஒரு இளைஞர் பார்த்துக்கொண்டார். ஆட்களின் விவகாரங்களைக் கவனிக்கிற அதிகாரி. எல்லோரும் அவரை ஹெச்.ஆர். என்பார்கள், நானும் அப்படியே சொல்கிறேன். எங்களுக்குக் குழந்தைகள் காப்பக அறையைத் திறந்துவிட்டார். சுவரில் முயலும் யானையும் வரைந்திருந்தது. தொட்டிலில் பிளாஸ்டிக் உறை பிரிக்காத மெத்தை. பொம்மைகள் வரிசையாக நின்றன.

“குழந்தைக எங்கீங்க?” என்று கேட்டேன்.

“ஆடிட்டுக்கு வருவாங்க அக்கா” என்றார்.

அதற்கு முன் நான் வேலை பார்த்தது ஒரு சந்துக்குள் இருந்த சின்னப் பட்டறையில். பிறர் தரும் துணியை மடித்து அனுப்புகிற இடம். மின்சாரக் கணக்கு எடுப்பவரைத் தவிர வெளியாள் யாரும் அங்கே வந்ததில்லை. ஆடிட் என்றால் கணக்குப் பார்ப்பது என்று மட்டும் கேள்விப்பட்டிருந்தேன். கணக்குப் பார்க்கிறவர்கள் தங்கள் குழந்தைகளையும் கூட்டிக்கொண்டு வருவார்கள் போலிருக்கிறது என்று நினைத்துக்கொண்டேன்.

டாக்டருக்கும் தெரியாது. மருத்துவக் கல்லூரியில் அது பாடத்தில் இல்லை.

ஹெச்.ஆர். மைக்கில் கூப்பிட, ஆட்கள் ஒவ்வொருவராக வந்தார்கள். விதிப்படி முதலில் நாங்கள் யார் என்று சொன்னோம். உங்கள் நன்மைக்காகத்தான் கேட்கிறோம், நீங்கள் சொல்வது வெளியே போகாது, விருப்பம் இல்லையென்றால் பதில் சொல்ல வேண்டாம் என்று படித்துக் காட்டினோம். தலையாட்டினார்கள். பிறகு கேட்டோம்.

“ராத்திரி எத்தனை மணி நேரம் தூங்குவீங்க?”

“எட்டு மணி நேரம்.”

“வேலை எத்தனை மணி நேரமுங்க?”

“எட்டு மணி நேரம்.”

“பீடி, சிகரெட்?”

“பழக்கம் இல்லை.”

“நடக்கறப்ப, படி ஏறறப்ப நெஞ்சுல வலி, இறுக்கம்?”

“எந்தக் குறையும் இல்லை.”

ஓவர்லாக் டெய்லர், அயர்ன் போடுகிறவர், பிசிறு வெட்டுகிற பெண்கள், எல்லோரும் இதையே சொன்னார்கள். சிலர் நான் கேட்டு முடிப்பதற்குள் சொன்னார்கள். திருநெல்வேலிக்காரரும் தேனிக்காரரும் சொந்தப் பேச்சை வெளியே விட்டுவிட்டு வந்து, ரேடியோ செய்தி போலச் சொன்னார்கள். ஒருவர் நான் கேட்காமலேயே, “தீயணைப்புக் கருவி எங்கே இருக்கிறது என்று தெரியும்” என்றார். தெரிந்து வைத்திருப்பது நல்லதுதானே என்று அதையும் ஓரத்தில் குறித்துக்கொண்டேன்.

எனக்கு அந்தக் கம்பெனி ரொம்பவும் பிடித்துப்போயிற்று. கூச்சப்படுகிறவளுக்கு இதைவிட நல்ல இடம் வேறு எது? யாரும் திருப்பிக் கேட்கவில்லை, சிரிக்கவில்லை, கதை சொல்லவில்லை.

ரத்த அழுத்தம் மட்டும் சொன்னபடி கேட்கவில்லை. பட்டையைக் கட்டினால் நிறையப் பேருக்கு ஏறிக் கிடந்தது. அவர்களுக்குச் சீட்டு எழுதி ஆஸ்பத்திரிக்குப் போகச் சொன்னோம். நெஞ்சு வலி உண்டு என்று சொல்கிறவருக்குத்தான் ஈசிஜி எடுக்க வேண்டும் என்பது ஏற்பாடு. ஒருவரும் சொல்லாததால் ஈசிஜி பெட்டி ஒட்டின டேப்போடு மூலையிலேயே இருந்தது.

“அழுத்தம் இருக்குது, வலி இல்லை. எப்படிங்க அக்கா?” என்றார் டாக்டர்.

“தெரியலீங்க டாக்டர்.”

“எனக்கும் தெரியலீங்க!”

அப்படி ஒரு மகிழ்ச்சியோடு ‘தெரியலை’ என்று சொன்ன ஆளை நான் அதுவரை பார்த்ததில்லை. ஆராய்ச்சியில் அதுதான் நல்ல செய்தியாம்.

பேராசிரியருக்கு அதைவிட மகிழ்ச்சி. இவர்களை ஏதோ ஒன்று காப்பாற்றுகிறது, அது என்ன என்று பிடித்துவிட்டால் போதும் என்றார். மாநாட்டுக்குத் தலைப்பு அனுப்பியாகிவிட்டது. மெஷின் சத்தமாக இருக்குமோ என்று ஒரு வாரம் யோசித்தார். தண்ணீரில் ஏதாவது இருக்குமோ என்று இன்னொரு வாரம். நொய்யல் ஆற்றைச் சாயத்தோடு பார்த்திருந்தால் அந்த ஒரு வாரம் மிச்சமாகியிருக்கும். பிறகு, ரயிலில் வரும்போது எப்போதோ வாங்கிச் சாப்பிட்டது நினைவுக்கு வந்து, “ஊத்துக்குளி அங்கேதானே இருக்கு? வெண்ணெய் பற்றிக் கேளுங்கள்” என்றார்.

கம்பெனியில் பாதிக்கு மேல் தெற்கிலிருந்து வந்த குடும்பங்கள். டீயும் பன்னும் பரோட்டாவுமாக ஓடுகிற பிழைப்பு. ஆனாலும் பேராசிரியர் சொல்லிவிட்டாரே. ‘வாரத்தில் எத்தனை நாள் வெண்ணெய் சேர்த்துக்கொள்வீர்கள்?’ என்ற கேள்வியைச் சேர்த்துப் புதுத்தாள் அச்சடித்தோம்.

புதுத்தாளோடு போன அன்று கம்பெனி கல்யாண வீடு போல இருந்தது. வாசலில் கோலம் போட்டிருந்தார்கள். அறையில் தொட்டில் மெத்தையின் உறையைப் பிரித்து, யாரோ ஒரு பெண்ணின் கைக்குழந்தையைப் படுக்க வைத்திருந்தார்கள். அதற்கும் அன்றுதான் வேலையில் முதல் நாள் போலிருக்கிறது, வீறிட்டு அழுதது.

“அக்கா, மத்தியானத்துக்குள்ள ரூமைக் காலி பண்ணிக் குடுத்துருங்க. இன்னிக்கு ஆடிட்” என்று சொல்லிவிட்டு ஹெச்.ஆர். ஓடினார்.

முதலில் வந்தவர் கட்டிங் மாஸ்டர். திருநெல்வேலிப் பக்கத்துக்காரர், துணி வெட்டுகிற பிரிவுக்குத் தலைவர். காற்றாடிக்குக் கீழே உட்கார்ந்தும் சட்டை நனைந்திருந்தது. தூக்கம் எட்டு மணி நேரம், பீடிப் பழக்கம் இல்லை, நெஞ்சில் எந்தக் குறையும் இல்லை என்று தடங்கல் இல்லாமல் சொன்னார். நான் புதுக்கேள்விக்கு வந்தேன்.

“வாரத்துல எத்தனை நாள் வெண்ணெய் சேத்துக்குவீங்க?”

மாஸ்டர் விழித்தார். “என்னது?”

“வெண்ணெய்ங்க.”

கதவுப் பக்கம் ஒருமுறை பார்த்துவிட்டுக் குரலைத் தாழ்த்தினார். “யக்கா, இதுக்கு என்ன சொல்லணும்? ஹெச்.ஆர். சார் வெண்ணெயப் பத்தி ஒண்ணும் சொல்லித் தரலையே.”

“சொல்லித் தர்றதுக்கு என்னங்க இருக்குது? சாப்பிட்டா சாப்பிடறேன்னு சொல்லுங்க.”

“அதெப்படி? சாப்பிடுதேன்னு சொன்னா நல்லதா, சாப்பிடலைன்னு சொன்னா நல்லதா? மத்ததெல்லாம் மனப்பாடமா இருக்கு. இது மாத்திரம் புதுசு. நான் தப்பாச் சொல்லி ஆர்டர் போயிட்டுன்னா அத்தன பேரும் என்னையல்லா ஏசுவாவ?”

“எந்த ஆர்டருங்க?”

“வெள்ளைக்காரன் ஆர்டருதான். நீங்க அவுக ஆளுதானே?”

“நாங்க நெஞ்சு நோவு ஆராய்ச்சிக்கு வந்திருக்கறமுங்க. ஆர்டருக்கும் எங்களுக்கும் சம்பந்தமே இல்லீங்க.”

“அப்ப இது ஆடிட் இல்லையா?”

“இல்லீங்க.”

“சத்தியமா?”

“சத்தியமாங்க.”

அவர் அழுகிற குழந்தையைக் கொஞ்ச நேரம் பார்த்தார். பிறகு கையைத் தூக்கி நெஞ்சின்மேல் வைத்தார்.

“அப்படின்னா வலிக்கி யக்கா. காலையில இருந்தே வலிக்கி. இந்தக் கை வரைக்கும் இழுக்கி.”

நான் பேனாவைக் கீழே போட்டுவிட்டு டாக்டரைக் கூப்பிட்டேன். பிசிறு வெட்டுகிற கத்தரியால் டேப்பை அறுத்து ஈசிஜி பெட்டியைத் திறந்தார். தாள் ஓடிவருவதைப் பார்த்தபடியே பையிலிருந்து ஒரு மாத்திரையை எடுத்து, “மாஸ்டர், இதை மென்னு முழுங்குங்க” என்றார். என்னிடம், “அக்கா, வண்டி வேணும், இப்பவே” என்றார்.

சத்தம் கேட்டு வந்த ஹெச்.ஆருக்கு மாஸ்டரைவிட அதிகமாக வியர்த்தது. அப்போதுதான் எங்களுக்கு முழுக்கதையும் வெளிவந்தது. துணி வாங்குகிற வெளிநாட்டுக் கம்பெனிகள், தொழிலாளர்களை நன்றாக நடத்துகிறார்களா என்று பார்க்க ஆள் அனுப்புவார்கள். வந்தவர்கள் இதே அறையில் உட்கார்ந்து, உங்கள் நன்மைக்காகத்தான் கேட்கிறோம், நீங்கள் சொல்வது வெளியே போகாது என்று சொல்லிவிட்டு, எத்தனை மணி நேரம் வேலை, ஏதாவது குறை உண்டா என்று கேட்பார்கள். பதிலை ஹெச்.ஆர். முன்கூட்டியே பாடம் எடுத்திருப்பார். நாங்களும் அடையாள அட்டையும் கோப்புமாக அதே அறையில் உட்கார்ந்து அதே வார்த்தைகளைப் படித்தோம். ஆட்கள் தெரிந்த பாடத்தை ஒப்பித்துவிட்டுப் போனார்கள். பொய் சொன்னதாக அவர்களில் ஒருவருக்கும் நினைப்பில்லை. கம்பெனியைக் காப்பாற்றியதாகத்தான் நினைப்பு.

“டாக்டர், ஆம்புலன்ஸ் மட்டும் வேண்டாங்க” என்றார் ஹெச்.ஆர். “அரை மணி நேரம் பொறுங்க. அவங்க வந்து ஆபீஸ்ல உக்காந்ததும் பின்கேட்டு வழியா அனுப்பிரலாம்.”

“அரை மணி நேரம் கழிச்சு அனுப்பறதுக்கு ஆள் இருக்கோணுமில்லீங்க?”

“நீங்க ஆராய்ச்சிக்குத்தானே வந்தீங்க? வைத்தியத்துக்கு வரலீங்களே. இன்னிக்கு ஏதாச்சும் ஆச்சுன்னா நாளையிலிருந்து உங்களை உள்ளே விட முடியாதுங்க டாக்டர்.”

டாக்டர் அவரைத் தாண்டி வந்தார். மாஸ்டரின் ஒரு தோளைப் பிடித்துத் தூக்க ஆரம்பித்தார். நான் மறுபக்கம் பிடித்தேன். வாசலுக்கு வந்தபோது முதலாளி எதிரே நின்றார். வெள்ளைச் சட்டை, வெள்ளை வேட்டி, விருந்தாளிகளை வழியிலேயே எதிர்கொண்டு அழைக்கக் கிளம்பி நின்ற கார்.

மாஸ்டரின் முகத்தைப் பார்த்தார். “என்ர காருல ஏத்துங்க” என்றார்.

“சார், அவங்க வழியில பாத்துட்டு, யாருக்கு என்னன்னு கேட்டா?” என்றார் ஹெச்.ஆர்.

“எனக்கு நெஞ்சு வலின்னு சொல்லு.”

“சார்?”

“தொழிலாளிக்கு வந்தாத்தான் கேப்பாங்க. மொதலாளிக்கு வந்தா யாரு கேக்கறா?” என்று சொல்லிவிட்டு அவரே முன்சீட்டில் ஏறிக்கொண்டார்.

பின்சீட்டில் விருந்தாளிகளுக்கு வாங்கிய பூச்செண்டு இருந்தது. ஆஸ்பத்திரி வரை அதைப் பிடித்துக்கொள்வது என் வேலை. டாக்டர் மாஸ்டரின் மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டே வந்தார். கேட்டைத் தாண்டும்போது அந்த வெளிநாட்டுக்காரர்களின் கார் எதிரே வந்தது. முதலாளி நெஞ்சில் கைவைத்துக் கண்ணை மூடிக்கொண்டார். பார்க்க மாஸ்டரைவிட அவருக்குத்தான் முடியாதது போல இருந்தது.

நேரத்தோடு போய்விட்டோம். உடனே ஊசி போட்டார்கள். மாஸ்டர் பிழைத்துக்கொண்டார்.

முதலாளியால் திரும்பிப் போக முடியவில்லை. கம்பெனிக்கு வந்திருந்தவர்களுக்கு அவர்தானே நோயாளி? சாயங்காலம் வரை ஆஸ்பத்திரி பெஞ்சிலேயே உட்கார்ந்திருந்தார். ஒரு நர்ஸ் வந்து அவருக்கும் பட்டை கட்டிப் பார்த்துவிட்டுத் திட்டினாள். நிஜமாகவே ஏறியிருந்ததாம். நடுவில் ஹெச்.ஆர். போன் செய்தார். ஆடிட் நல்லபடியாக முடிந்தது, வந்தவர்கள் முதலாளி சீக்கிரம் குணமாக வேண்டும் என்று சொல்லிவிட்டுப் போனார்களாம்.

டாக்டர் அவர் பக்கத்தில் போய் உட்கார்ந்தார். “எங்ககிட்டச் சொன்னது எல்லாமே ஆடிட் பதிலுங்க. இந்த ஆராய்ச்சியைத் தூக்கித்தான் போடோணும்.”

“எதுக்குங்க தூக்கிப் போடறீங்க?” முதலாளிக்கு உண்மையாகவே வருத்தம். “எவ்வளவு அழகா வந்திருந்துச்சு. நம்ம ஊரு பேரும் நாலு நாட்டுல நல்லபடியா வரும். உங்களுக்கும் வேலை கெடைக்கும். இதுல யாருக்குங்க நட்டம்?”

டாக்டர் கண்ணாடிக் கதவைப் பார்த்தார். அதற்கு அப்பால் மாஸ்டர் படுத்திருந்தார். முதலாளியும் அங்கே பார்த்தார்.

வெளியே டீக்கடை ஓரமாக நின்று டாக்டர் பேராசிரியருக்குப் போன் போட்டார். இந்தப் பக்கத்துப் பேச்சு மட்டும் எனக்குக் கேட்டது.

“சார், வெண்ணெய் இல்லீங்க சார்... இல்லீங்க, தண்ணியும் இல்லீங்க. எல்லாம் சொல்லிக் குடுத்த பதிலுங்க... ஒருத்தர் இல்லீங்க சார், அத்தனை பேரும்.” பிறகு ரொம்ப நேரம் கேட்டுக்கொண்டே இருந்தார். “தெரியுமுங்க சார். அந்த வேலை எனக்கு வேணுமுங்க. ஆனா இது வேண்டாமுங்க சார்.”

போனை வைத்த பிறகு, வாங்கிய டீ ஆறிப்போனதைக் கவனிக்காமல் குடித்தார்.

“என்னங்க சொன்னாரு?” என்றேன்.

“அந்த மாஸ்டரை மட்டும் கணக்குலிருந்து எடுத்துட்டு மத்ததை வெச்சுக்கலாமேங்கறாரு.”

“நீங்க என்ன சொன்னீங்க?”

“மாஸ்டரை மட்டும் வெச்சுக்கிட்டு மத்ததை எடுத்தர்றேன்னு சொன்னேனுங்க.”

அந்த ஆராய்ச்சியாளர் இடம் வேறு ஒருவருக்குப் போயிற்று. அவர் எலிகளை வைத்து ஆராய்ச்சி செய்தவராம். எலிகளுக்கு யாரும் பதில் சொல்லித் தருவதில்லை. நம் டாக்டர் மடத்துக்குளம் கிளினிக்கில் உட்கார்ந்தார். அவருடைய அப்பா சந்தோஷமாகத் தேங்காய் அனுப்பினார். கூட இருந்தவர்கள் வேறு வேலைக்குப் போய்விட்டார்கள். கேள்வி கேட்பதைத் தவிர எதுவும் தெரியாததால் நான் மட்டும் மிச்சம்.

அதன்பின் டாக்டர் ஞாயிற்றுக்கிழமைகளில் மட்டும் விஞ்ஞானியாக இருந்தார். கிளினிக்கைப் பூட்டிவிட்டு ஸ்கூட்டரில் வருவார். கம்பெனிகளை விட்டுவிட்டு ஆட்கள் குடியிருக்கும் வீடுகளுக்கே போக ஆரம்பித்தோம். எத்தனையோ ஞாயிற்றுக்கிழமைகள். கடைசியில் தெரியவந்தது இதுதான்: தூங்காமல், பீடி குடித்து, ஒன்றரை ஷிப்ட் வேலை பார்த்தால் நெஞ்சு கெட்டுப்போகும். இது எல்லோருக்கும் தெரிந்ததுதானே என்றாராம் பேராசிரியர். எல்லோருக்கும் தெரிந்ததைக் காட்டுவதற்கு டாக்டருக்கு அவ்வளவு வருஷம் ஆயிற்று. அதற்குத்தான் பிறகு வேறொரு ஊரில் கூப்பிட்டு வேலை கொடுத்தார்கள். நீங்கள் வாங்கப்போகிற சம்பளமும் அதிலிருந்து வந்ததுதான்.

உங்களுக்குச் சொல்ல என்னிடம் பெரிய அறிவுரை எதுவும் இல்லை. பதில் சீக்கிரம் வந்தால் கொஞ்சம் பயப்படுங்கள். முதலாளி கொடுக்கிற அறையில் உட்காராதீர்கள். முடிந்தவரை, வீட்டில் இருக்கிறவர்கள் காதில் விழுகிற மாதிரி கேளுங்கள். இந்தக் கடைசிப் பழக்கம் எப்படி வந்தது என்பதை மட்டும் சொல்லி முடிக்கிறேன்.

முதல் ஞாயிற்றுக்கிழமை நாங்கள் போனது மாஸ்டர் வீட்டுக்கு. வரிசையாக ஒட்டிக் கட்டிய லைன் வீடுகளில் ஒன்று. ஒரே அறை, அதிலேயே ஒரு மூலையில் அடுப்பு. மாஸ்டரின் மனைவி வெங்காயம் நறுக்கிக்கொண்டிருந்தார். எனக்கு முக்காலி கிடைத்தது. டாக்டர் கவிழ்த்துப் போட்ட வாளிமேல் உட்கார்ந்தார்.

கேள்வித்தாளை எடுத்ததும் மாஸ்டர் கைகாட்டி நிறுத்தினார்.

“சார், ஒண்ணு சொல்லுதேன், தப்பா நெனைக்காதிய. நான் அன்னைக்கு வாயத் திறந்ததாலதான் உங்களுக்கு மெட்ராஸ் வேலை போயிட்டுன்னு கம்பெனியில பேசிக்கிடுதாவ. நெசமா?”

டாக்டர் சிரித்தார். “வேலை போகலீங்க மாஸ்டர். வரலை, அவ்வளவுதான்.”

“எனக்கு மனசு கேக்கலை. வேணும்னா அந்தப் பழைய பதிலையே வச்சுக்கிடுங்க. எங்க வேணாலும் வந்து சொல்லுதேன். எட்டு மணி நேரம், பழக்கம் இல்லை, எந்தக் குறையும் இல்லை. இப்பவும் மறக்கலை.”

“அந்தப் பதில் சொன்ன ஆளுக்கு நெஞ்சு வலி கெடையாதுங்க மாஸ்டர். அவரைப் பாத்து நான் என்ன பண்றது? உங்களைத்தான் எனக்குத் தெரியோணும்.”

மாஸ்டர் தலையைக் குனிந்துகொண்டார். டாக்டர் எனக்குக் கண் காட்டினார். நான் கேட்டேன்.

“ராத்திரி எத்தனை மணி நேரம் தூங்குவீங்க?”

மாஸ்டரின் வாய் பழக்கத்தில் ‘எட்டு’ என்று சொல்லத் திறந்தது. அதற்குள் அடுப்பு மூலையில் கத்தி நின்றது. அவர் மனைவி முந்தானையில் கையைத் துடைத்துக்கொண்டு வந்து எங்கள் எதிரே தரையில் உட்கார்ந்தார்.

“அத நான் சொல்லுதேன். அவுகளுக்கு என்ன தெரியும்? படுத்தா மூச்சு முட்டும். எந்திரிச்சுச் செவுத்துல சாஞ்சு உக்காந்துக்கிடுவாவ. நான் முழிச்சிருக்கது தெரிஞ்சா உடனே படுத்துக்கிட்டுத் தூங்குத மாதிரி கெடப்பாவ. சரி, மனுசன் உக்காந்தாவது இருக்கட்டும்னு நானும் தூங்குத மாதிரி கண்ண மூடிக்கிட்டுக் கெடப்பேன். எத்தன மணி நேரம்னா, ரெண்டு பேருக்கும் சேத்துத்தான் கணக்குச் சொல்லணும். எழுதுங்க சார்.”

தாளில் அந்தக் கேள்விக்கு ஒரு சின்னக் கட்டம்தான் இருந்தது. டாக்டர் என் கையிலிருந்து தாளை வாங்கினார். பின்பக்கம் திருப்பி, முட்டிமேல் வைத்து எழுத ஆரம்பித்தார்.

மாஸ்டர் எங்கள் இருவரையும் மறந்துவிட்டார். மனைவியையே பார்த்துக்கொண்டிருந்தார்.

“அப்ப நீ முழிச்சுக்கிட்டா இருந்த?” என்றார்.